உறைமழையில் விழுந்துவிட்டேன், மதியம் தேர்வு இருக்கிறது

கேள்வி: புதிதாக வந்த மாணவன், காலை 8.40
வணக்கம். படிப்பதற்காக ஆகஸ்டில்தான் கனடாவுக்கு வந்தேன். இரவு முழுவதும் மழை பெய்தது. காலையில் கதவைத் திறந்தபோது படிகள் வெறும் ஈரமாகத்தான் தெரிந்தன. முதல் படியில் கால் வைத்ததும் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வருகிறது. இரண்டு மணிக்குத் தேர்வு. எந்தக் காலணி வாங்கினால் வழுக்காது என்று அண்ணன்மாரும் அக்காமாரும் தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

மறுமொழி: மொன்றியால் அண்ணன்
தம்பி, காலணியைவிட உடைதான் முதலில் முக்கியம். நான் வந்த முதல் குளிர்காலத்தில்தான், 1998 ஜனவரியில், இங்கே அந்தப் பெரிய உறைமழை நாள்கணக்கில் பெய்தது. மின்கோபுரங்கள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மடிந்து விழ, மின்சாரமில்லாத அறையில் நான்கு பேர் ஒரே போர்வைக்குள் முடங்கிக் கிடந்தோம். ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திப் பனியன் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ அணியுங்கள்.

மறுமொழி: மிசிசாகா அக்கா
எத்தனை அடுக்கு உடை அணிந்தாலும் வழுக்கல் நிற்காது. காலணிக்கு மேல் மாட்டும் ஆணிப்பட்டை கனடியன் டயர் கடையில் கிடைக்கும்; அதை வாங்குங்கள். கட்டடத்துக்குள் நுழையும்போது மறக்காமல் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் வழவழப்பான தரையில் அந்த ஆணிகளே ஆளைச் சறுக்கிவிடும்.

மறுமொழி: ஒட்டாவா நண்பர்
ஆணிப்பட்டை இல்லாமலே பத்து ஆண்டுகளாக நடக்கிறேன். கைகளைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்து, பாதத்தை முழுவதுமாகப் பதித்து, சிறு அடியாக வைத்தால் போதும். படியில் உப்புத் தூவுங்கள்.

மறுமொழி: வினிப்பெக் மாணவி
சாதாரண உப்பு கடுங்குளிரில் பயன்படாது. பத்துப் பன்னிரண்டு பாகை மைனஸில் போகும்போதே அதன் வேகம் மிகவும் குறைந்துவிடும். பிடிமானத்துக்கு மணல்தான் நல்லது. உறைமழை என்பது மேலே வெதுவெதுப்பான காற்றடுக்கில் பனி உருகி மழையாகி, தரையை ஒட்டிய குளிர்க்காற்றில் உறைநிலைக்குக் கீழே போயும் நீராகவே இறங்கி, தொட்ட இடத்தில் கட்டியாவது. கண்ணாடி பூசியதுபோல் படிவதால்தான் படி ஈரமாக மட்டும் தெரிகிறது. கைப்பிடிக் கம்பியிலும் அது படிந்திருக்கும்.

மறுமொழி: பிராம்டன் நண்பர்
மணலும் உப்பும் யார் பணத்தில் வாங்குவது? நிலவறை அறைக்கு வாடகையை முதல் தேதியன்றே கேட்டு வாங்குபவர்கள், பக்கவாட்டுப் படியில் உறைந்த பனிக்கட்டியைக் கொத்திவிட ஒருநாளும் வருவதில்லை. என் முதல் ஆண்டில் நானே சட்டியில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றினேன். அரைமணி நேரத்தில் அதுவும் உறைந்து முன்பைவிட மோசமாகிவிட்டது.

மறுமொழி: மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிபவர்
எல்லோரும் சற்றுப் பொறுங்கள், கை வீங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் ஒருவரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை. தம்பி, எந்த ஊரில் இருக்கிறீர்கள்? விரல்களை அசைக்க முடிகிறதா, மரத்துப்போயிருக்கின்றனவா? மோதிரமோ கயிறோ இருந்தால் வீக்கம் ஏறுமுன் இப்போதே கழற்றிவிடுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருங்கள்.

கேட்டவர், காலை 9.25
ஸ்கார்பரோவில் ஒரு நிலவறையில் இருக்கிறேன், அக்கா. விரல்கள் அசைகின்றன. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியில் தொட்டால் உயிர் போகிறது. வீட்டுக்காரர், ஒப்பந்தப்படி பனி அகற்றுவது என் பொறுப்பு என்கிறார்.

மறுமொழி: அதே தாதி
அந்தக் குழியில் வலித்தால் எலும்பு முறிவுக்கு வாய்ப்பு உண்டு. இன்றே எக்ஸ்ரே எடுங்கள். அங்குள்ள சிறிய எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே ஒன்றுமில்லை என்று சொன்னாலும், வலி நீடித்தால் பத்து நாளில் திரும்பப் போக வேண்டும். கல்லூரிக் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள். எங்கே போவதென்று புரியாவிட்டால் 811ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம். விரல் மரத்தாலோ வெளுத்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேர்வு தொடங்குமுன் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மருத்துவர் சான்றும் வாங்கி வையுங்கள்.

மறுமொழி: மிசிசாகா அக்கா
வாடகை விஷயத்தில் ஒன்று உறுதியாகச் சொல்வேன். குடியிருப்பவர்கள் பொதுவாகப் புழங்கும் வெளிவழியில் பனி அகற்றுவது உரிமையாளரின் கடமை. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதைக் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது என்று நீங்கள் இருக்கும் ஒன்றாரியோ மாகாணத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. படியைப் பனி உருகுமுன் படமெடுங்கள். தனியார் இடத்தில் பனியில் விழுந்ததற்கு இழப்பீடு கேட்பதானால் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நகராட்சி நடைபாதையானால் பத்தே நாள்தான்.

கேட்டவர், மாலை 6.10
முறிவுதான். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். தேர்வை அடுத்த வாரத்துக்கு மாற்றித் தருவதாக ஆசிரியர் எழுதியிருக்கிறார். அறைத்தோழன் படமெடுத்துக் கொடுத்துவிட்டு, படியில் மணலும் தூவியிருக்கிறான். இடக்கையால் அரிசி கழுவுவது எப்படி என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி: மொன்றியால் அண்ணன்
வடிதட்டில் அரிசியைப் போட்டுக் குழாயடியில் வையுங்கள், தம்பி. மாவுக்கட்டில் நீர் படாதபடி பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள்.