பீட்டர்சன் விவகாரம்: 2012ல் ஒட்டியது 2014ல் ஏன் ஒட்டவில்லை?

நைட்வாட்ச்மேன் (கேள்வி)

2012 ஆகஸ்டில் ஹெடிங்லியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 149 அடித்த கெவின் பீட்டர்சனை அடுத்த டெஸ்டிலேயே இங்கிலாந்து உட்கார வைத்தது. நவம்பரில் அதே ஆள் மும்பை வான்கடேயில் 233 பந்தில் 186 அடித்தார். 2014 பிப்ரவரியில் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

யார் பக்கம் நியாயம் என்ற பட்டிமன்றம் பத்து வருஷமாக ஓடுகிறது, அதை விடுங்கள். எனக்கு வேண்டியது நிர்வாகம். முதல் முறை என்ன செய்ததால் ஒட்டியது? இரண்டாம் முறை எது கழன்றது? இப்படி ஒரு ஆளை வைத்து அணி நடத்துபவர் எதை முதலில் செய்யவேண்டும்?

மூன்றாவது ஸ்லிப்

2012ஐ ஒரே சண்டையாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அப்போது மூன்று சிக்கல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒவ்வொன்றையும் தீர்க்க வேண்டியவரும் வேறு வேறு.

முதலாவது கான்ட்ராக்ட். ஒருநாள், டி20 இரண்டில் ஒன்றை விட்டால் மற்றதும் கிடையாது என்று இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு விதி வைத்திருந்தது. மே 31ஆம் தேதி அவர் ஒருநாள் போட்டியிலிருந்து விலகியதும் டி20யும் சேர்ந்தே போனது. 2010 டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் அவர். அடுத்த உலகக் கோப்பை செப்டம்பரில் இலங்கையில். போதாததற்கு மே மாத டெஸ்டுகளும் ஐபிஎல்லும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. இது போர்டு மேசையில் தீர வேண்டிய விஷயம், கோச்சால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, கேப்டனை இழிவாகப் பேசியதாகச் சொல்லப்பட்ட, எதிரணியான தென்னாப்பிரிக்க வீரர்களுக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள். இதில் பாதிக்கப்பட்டவர் கேப்டன் ஸ்ட்ராஸ். அதுவும் அவருடைய நூறாவது டெஸ்டுக்கு முந்தைய வாரம்.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பீட்டர்சனைக் கிண்டல் செய்ய ட்விட்டரில் ஒரு போலிக் கணக்கு ஓடியது. நடத்தியவர் ஸ்டூவர்ட் பிராடின் நண்பர். பிராடுக்கு அதில் பங்கில்லை என்று போர்டு ஏற்றுக்கொண்டது. ஆனால் அறையில் சிலர் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள் என்ற காயம் பீட்டர்சனுக்கு ஆறவில்லை. ஹெடிங்லி முடிந்ததும் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, இந்த டிரெஸ்ஸிங் ரூமில் நானாக இருப்பது கஷ்டம் என்ற பொருளில் அவர் பேசியது சும்மா வரவில்லை.

முதல் வேலை இதுதான்: புகார்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பேசவேண்டிய ஆள் யார் என்று குறித்துக்கொள்வது. மூன்றையும் சேர்த்து 'அவன் குணமே அப்படி' என்று ஒரு மூட்டையாகக் கட்டினால் பிறகு அவிழ்க்க முடியாது.

ஸ்கோர் நோட்டு

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க: 2012ல் நீக்கிய விதம் சரியாகவே இருந்தது. அந்தச் செய்திகளில் கேப்டனையோ அணியையோ இழிவாக எழுதவில்லை என்று உறுதி கொடு எனக் கேட்டார்கள். நேரத்துக்குள் வரவில்லை, நீக்கினார்கள். கேள்வி ஒன்றுதான், அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியும். முந்தின நாள் அவர் யூடியூபில் வீடியோ போட்டு எல்லா வகைப் போட்டியிலும் ஆடத் தயார் என்றார். அது கேட்காத கேள்விக்கான பதில். நிர்வாகம் அதில் வழுக்கி விழவில்லை.

திரும்பி வந்த வழியும் கவனிக்கத்தக்கது. ஸ்ட்ராஸிடம் மன்னிப்பு. அக்டோபரில், உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த கொழும்பில், போர்டு தலைவர் ஜைல்ஸ் கிளார்க்கோடு சேர்ந்து வெளிப்படையான அறிவிப்பு. பிறகு வீரர்களோடு முகத்துக்கு முகம் பேச்சு. முழு ஆண்டு ஒப்பந்தம் தராமல் முதலில் நான்கு மாதம்தான். அந்தக் குறுகிய காலம்தான் இதில் முக்கியம். இரு தரப்பும் தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளாமல் ஒத்திகை பார்க்க அது இடம் கொடுத்தது. புதிய கேப்டன் குக் அவர் வேண்டும் என்று நினைத்ததும் பெரிய உதவி. கேப்டனுக்கு மனமில்லாவிட்டால் எந்த ஒப்பந்தமும் வெறும் காகிதம்.

அடுத்து இந்தியத் தொடர். முதல் டெஸ்டில், அகமதாபாத்தில், அவர் எடுத்தது 17, 2. இரண்டு முறையும் பிரக்யான் ஓஜா ஸ்டம்பைப் பெயர்த்தார். அப்போதும் பழைய கதையை யாரும் கிளறவில்லை. அடுத்த டெஸ்டில்தான் 186. இங்கிலாந்து தொடரை 2-1 என்று வென்றது, இந்தியாவில் 1984-85க்குப் பிறகு முதல் முறை.

ஷார்ட் லெக்

186ஐ வைத்து எல்லாவற்றையும் நியாயப்படுத்த வேண்டாம். அதே மும்பை டெஸ்டில் குக் 122, பனேசருக்கு 11 விக்கெட், ஸ்வானுக்கு 8. இன்னொரு கணக்கும் இருக்கிறது. லார்ட்ஸில் பீட்டர்சன் இடத்தில் வந்த பேர்ஸ்டோ 95, 54 அடித்தார். ஆகவே 51 ரன்னில் தோற்றதும் நம்பர் ஒன் இடம் பறிபோனதும் நீக்கத்தால் வந்த வினை என்று சொல்ல முடியாது. ஒழுங்கு நடவடிக்கையை ரன்னால் அளக்கக்கூடாது, இரு பக்கமும்.

2014க்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ஆஷஸ் தொடரில் 5-0 தோல்வி. டிராட் முதல் டெஸ்டோடு ஊர் திரும்பினார், ஸ்வான் தொடரின் நடுவிலேயே ஓய்வு. அந்தத் தொடரில் இங்கிலாந்துக்கு அதிக ரன் எடுத்தவர் பீட்டர்சன்: 294. சராசரி 29.4தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 31ல் கோச் ஃபிளவர் பதவி விலகினார். பிப்ரவரி 4ல் பீட்டர்சனை நீக்கினார்கள். பால் டவுன்டன் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்று சில நாள்தான் ஆகியிருந்தது.

இந்த முறை குற்றச்சாட்டு என்ன? அறிக்கையில் திட்டவட்டமாக ஒரு வரி கிடையாது. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டபோது அக்டோபர் வரை இரு தரப்பும் வாய் திறக்கக்கூடாது என்று வேறு எழுதிக்கொண்டார்கள். நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. மே மாதம் டவுன்டன் வானொலியில் சிட்னி டெஸ்டில் பீட்டர்சன் ஈடுபாடில்லாமல் இருந்தார் என்று பேசிவிட, போர்டே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 2012ல் கேள்வி இருந்தது, கெடு இருந்தது, திரும்பும் வழி இருந்தது. 2014ல் மூன்றுமே இல்லை.

நைட்வாட்ச்மேன்

நன்றி, தெளிவாகிறது. ஒரு துணைக் கேள்வி. அப்படியானால் அந்த ஒருவருக்கு மட்டும் தனி நிபந்தனை எழுதி வைத்துவிடலாமே? ஆஸ்திரேலியா சைமண்ட்ஸ் விஷயத்தில் அப்படித்தானே செய்தது?

மூன்றாவது ஸ்லிப்

செய்தது, அதனால்தான் முடிவு அப்படி ஆனது. 2005ல் கார்டிஃபில் இரவெல்லாம் குடித்துவிட்டு வந்ததற்கு இரண்டு போட்டி நீக்கம். அதில் முதல் போட்டியில்தான் ஆஸ்திரேலியா வங்கதேசத்திடம் தோற்றது. நீக்கியதற்காக யாரும் வருத்தப்படவில்லை, அவரும் திரும்பி வந்து ஆடினார். 2008ல் டார்வினில் அணிக் கூட்டத்தை விட்டு மீன் பிடிக்கப் போனார், வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு மது தொடர்பாக அவருக்கென்று தனி நிபந்தனைகள். 2009 ஜூனில் இங்கிலாந்தில் டி20 உலகக் கோப்பை தொடங்கும் முன்பே அதை மீறினார் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தமும் ரத்து.

தனி விதியில் உள்ள ஓட்டை இதுதான்: படிகளே இருக்காது. மற்றவருக்கு எச்சரிக்கையோடு போகும் தவறு அவருக்கு நேராகக் கடைசித் தண்டனை. தவிர, யாராவது அவரைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை சக வீரர் தலையில் விழுந்தால் நட்பு அன்றோடு சரி.

ஸ்கோர் நோட்டு

எல்லோருக்கும் ஒரே விதி என்றாலும் கணக்கை அன்றன்றே தீர்க்க வேண்டும். 2013 மார்ச், மொஹாலி, ஆஸ்திரேலியாவின் இந்தியச் சுற்றுப்பயணம். ஹைதராபாத் தோல்விக்குப் பிறகு ஒவ்வொருவரும் மூன்று யோசனை எழுதித் தரச் சொன்னார் கோச் மிக்கி ஆர்தர். வாட்சன், ஜான்சன், பேட்டின்சன், கவாஜா தரவில்லை. நால்வரும் அடுத்த டெஸ்டுக்கு இல்லை. பிறகு ஆர்தர் கொடுத்த விளக்கத்தில்தான் விஷயம் வெளியே வந்தது: தாமதமாக வருவது, தவறான சீருடை, எதிர்த்துப் பேசுவது என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்தவைதான் உண்மைக் காரணம். அவற்றை அப்போதைக்கப்போது கேட்காமல் விட்டு, வட்டியோடு வீட்டுப்பாடத்தின் மேல் இறக்கியதால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. தொடரை 4-0 என்று தோற்றார்கள். ஜூனில், ஆஷஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஆர்தர் வேலையும் போனது.

நடைமுறையில்: தாமதம், சீருடை போன்றவற்றுக்கு அன்று மாலையே மேனேஜர் தனியாக ஒரு வார்த்தை, நோட்டில் தேதியோடு ஒரு வரி. இரண்டாம் முறை கேப்டனும் உடன் இருக்க வேண்டும். மூன்றாம் முறைதான் தேர்வாளர் காதுக்குப் போகவேண்டும். நட்சத்திரத்துக்கும் நேற்று வந்த பையனுக்கும் அதே நோட்டு.

ஷார்ட் லெக்

ஒரு சின்ன ஒட்டு. 2015 மே 11ஆம் தேதி ஓவலில் லெஸ்டர்ஷயருக்கு எதிராக 326 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார் பீட்டர்சன். அன்று மாலையே அவரைக் கூப்பிட்டு, நம்பிக்கை இல்லை, இப்போதைக்கு இடமில்லை என்று நேரில் சொன்னவர் போர்டின் புதிய இயக்குநரான பழைய கேப்டன் ஸ்ட்ராஸ். பிடிக்கிறதோ இல்லையோ, காரணம் என்று ஒன்று முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, போர்டுத் தலைமைக்கு வரவிருந்த காலின் கிரேவ்ஸ் கவுன்ட்டியில் ரன் அடித்தால் பார்க்கலாம் என்ற தொனியில் பேசி வைத்திருந்தார். அதை நம்பித்தான் மனிதர் சர்ரே கவுன்ட்டி அணிக்கு ஆட வந்தார். மறுநாள் காலை போய் 355 வரை கொண்டுபோனார்.