ராத்திரி 1 மணிக்கு மேல் போஸ்ட்கிரெஸ் கிராஃப் அறுந்து போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகரில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வரைப் பாண்டிச்சேரியிலிருந்து நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கண்காணிக்க, அதன் அளவீடுகளை எடுத்துத் தரும் எக்ஸ்போர்ட்டர் போட்டு, அவற்றைச் சேகரிக்கும் புரொமீதியஸை 9187 போர்ட்டில் 15 வினாடிக்கு ஒருமுறை படிக்க விட்டிருக்கிறேன். பகலில் ஒரு குறையும் இல்லை. பேக்கப் ஓடும் 1 மணியிலிருந்து 3 மணி வரை கிராஃபில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது. புரொமீதியஸ் டார்கெட் பக்கத்தில் 'கான்டெக்ஸ்ட் டெட்லைன் எக்ஸீடட்' (குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை) என்று வருகிறது.

எக்ஸ்போர்ட்டர் லாகில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லையே என்று இரண்டு நாள் அலைந்தேன். பிறகுதான் உறைத்தது: அதன் நேரமுத்திரை யூடிசி (உலகப் பொது நேரம்), நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதாவது முந்தைய நாள் 19:30-இல் தேட வேண்டும். (புதிதாக லாக் படிப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.) லாக் லெவலை டீபக்குக்கு மாற்றி, போஸ்ட்கிரெஸிலும் 5 வினாடிக்கு மேல் ஓடும் குவெரிகளைப் பதிய வைத்தேன். டேட்டாபேஸ் அளவு கேட்கும் குவெரி ஒன்று 14 வினாடி எடுக்கிறது. புரொமீதியஸ் பதிலுக்குக் காத்திருக்கும் டைம்அவுட்டோ 10 வினாடி. மாதத்துக்கொரு ஸ்கீமா (டேபிள்களின் தொகுப்பு) என்பதால் டேபிள் கோப்புகள் ஏராளம். பேக்கப் டிஸ்க்கைப் பிடித்திருக்கும்போது அத்தனையின் அளவையும் பார்க்கத் திணறுகிறது என்று நினைக்கிறேன். எக்ஸ்போர்ட்டரின் யூசருக்குக் கண்காணிப்பு அனுமதி தரும் 'பிஜி மானிட்டர்' ரோல் கொடுத்தாகிவிட்டது, அனுமதிப் பிழை இல்லை.

இன்டர்வெல்லை ஒரு நிமிடமாக்கி டைம்அவுட்டை 30 ஆக்கலாமா, எக்ஸ்போர்ட்டரில் அளவு கேட்கும் பகுதியான அந்தக் கலெக்டரை மட்டும் நிறுத்திவிட்டு அளவைத் தனி ஜாபில் எடுக்கலாமா? இதே சிக்கலைத் தீர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பேக்கப் நேரத்தில்தான் எனக்குக் கண் தெரிய வேண்டும்.