கல்வெட்டு, அகழாய்வு: ஆய்வாளர்களோடு கூடப் போனவர்கள் எழுதுங்கள்

மேலூரான்:

கல்வெட்டு ஆய்வாளர்களோடோ அகழாய்வுக் குழுவோடோ ஒரு பொழுதாவது கூடச் சுற்றியவர்கள் இங்கே எழுதுங்கள். முடிவு மட்டும்தான் பேப்பரில் வருகிறது. அந்த முடிவுக்கு எப்படி வருகிறார்கள் என்று பார்த்ததைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்க் குளக்கரையில் ஒரு பாண்டியர் காலக் கல் கிடந்தது. படியெடுக்க ஓய்வு பெற்ற கல்வெட்டாய்வாளர் ஒருவரும் ஆராய்ச்சி மாணவி ஒருவரும் வந்தார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது, நானும் போய் நின்றேன். முதலில் வெறும் தேய்ப்புதான். துணி துவைக்கிற கல்லாகவே அது பல காலம் இருந்ததால் சோப்பும் பாசியும் எழுத்துப் பள்ளத்தில் அடைத்துக்கொண்டிருந்தன. அப்புறம் ஈரக் காகிதத்தைக் கல்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷால் தட்டிக்கொண்டே போனார்கள். காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் அந்த இடம் போச்சு. காகிதம் எழுத்துக்குள் இறங்கியபின், பாதி காய்ந்த பதத்தில் மை தோய்த்த துணிப்பொதியால் ஒற்றினார்கள். ஈரம் அதிகமென்றால் மை ஊறிவிடும், முழுக்கக் காய்ந்தால் காகிதம் கல்லைவிட்டுக் கிளம்பிவிடும். சுற்றிலும் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை. கண்ணுக்கே தெரியாமல் கிடந்த நான்கு வரி எழும்பி வந்ததைப் பார்த்துக் கூட்டம் கூடிவிட்டது.

நிஜமான வேலை அதற்குப் பிறகுதான். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். குறில் எகரமா நெடில் ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாணவி படியைப் பார்த்து ஒரு எழுத்தைச் சொன்னார். பெரியவர், "கல்லைப் பாத்துச் சொல்லும்மா" என்றார். துண்டைப் போர்த்தி இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார்கள். எழுத்தின் கோடு என்று நினைத்தது கல்லின் விரிசல். நோட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். "எதையாவது போடலாமே சார்" என்றேன். "நாளைக்கு இன்னொருத்தர் அதை நம்பிக் கட்டுரை எழுதிடுவாரு தம்பி" என்றார்.

காலம் கணிப்பது இன்னொரு கூத்து. கல்லில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும்தான் இருக்கும். சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்றால் எந்தச் சுந்தரபாண்டியன்? அந்தப் பெயரில் ஒருவருக்கு மேல் ஆண்டிருக்கிறார்கள். கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் கல்லில் இருந்தால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தொகுத்த பஞ்சாங்க அட்டவணைகளை வைத்துத் தேதியைக் கணக்குப் போடலாம். எங்கள் கல்லில் கிழமை வரைதான் இருந்தது, அதற்கப்புறம் கல் உடைந்துவிட்டது.

அவசரம் ஆகாத தொழில் இது. மதுரைப் பக்கம் எங்கள் மாங்குளத்துக் குகையில் இருக்கும் தமிழ்-பிராமி (தமிழின் மிகப் பழைய எழுத்து) கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் சீவெல் 1882-இல் பார்த்தார். அது தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துச் சொன்னார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் அடையாளம் கண்டது 1960-களில். அவரும் அதோடு விடவில்லை. 1990-களில் குகைகளுக்குத் திரும்பப் போய்ப் புதிதாகப் பார்த்துப் படியெடுத்த பிறகுதான் 2003-இல் அவர் புத்தகமே வந்தது.

செல்வி, திருப்புவனம்:

நான் எங்க ஊர்ப் பக்கம் நடந்த அகழாய்வில் கூலிக்குப் போனவள். மண்வெட்டி போடுற வேலைன்னு நினைச்சுப் போனா, கையில் கொத்துக்கரண்டியையும் பிரஷையும் கொடுத்தாங்க. கயிறு கட்டிச் சதுரம் சதுரமாப் பிரிச்சிருப்பாங்க. மண் நிறம் மாறினா உடனே நிறுத்தணும். பானை ஓடு எதைப் பார்த்தாலும் முதல்ல கூப்பிடணும், எடுக்கக் கூடாது. எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர், எந்த மண்ணடுக்குன்னு எழுதி, போட்டோ எடுத்த பிறகுதான் அது வெளியே வரும். ஒரு நாள் கூட வேலை செஞ்ச அக்கா அழகான பாசிமணி ஒன்று எடுத்து வந்து கொடுத்தாங்க, ஆனால் அள்ளிக் கொட்டின மண்ணிலிருந்து. பொறுப்பாளர் முகம் சுருங்கிப்போச்சு. மணி நல்ல மணிதான், எந்த ஆழத்துலேருந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. தனிப் பையில் போட்டு அப்படியே எழுதி வச்சாங்க.

கரித்துண்டு வந்தா எங்களைக் கிட்டவே விடமாட்டாங்க. அதை லேபுக்கு அனுப்பித்தான் காலம் பார்ப்பாங்க. கை படாம எடுத்து அலுமினியத் தாளில் சுத்துவாங்க.

ரவி:

ஒரு சந்தேகம். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரி கி.மு. 580 என்று சொன்னார்கள். சரி, மரம் செத்த காலம்தானே அது? பக்கத்தில் கிடந்த பானைக்கும் அதே வயது என்று எப்படிச் சொல்வது? எலி வளை தோண்டியிருந்தால்? நான் கணக்குப் பிள்ளை, ஒரே ஒரு ரசீதை வைத்துக் கணக்கை முடிக்க மாட்டேன்.

பழனி மாணவன்:

ரவி அண்ணே, நல்ல கேள்வி. துறைக்குள்ளேயே இந்தச் சண்டை ஓடுகிறது. பழைய உத்தரத்தை எரித்தால் கரியின் வயது அடுப்பின் வயதைவிடக் கூடத்தான் வரும். அதனால் தானியம் கிடைத்தால் ஆய்வாளர்களுக்குக் கொண்டாட்டம். நெல் ஒரு பருவத்துப் பயிர், அது விளைந்த ஆண்டுக்கும் பானைக்குள் போன ஆண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்காது.

எங்கள் பக்கத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழு தோண்டிய ஈமக்குழியில் நாலு கால் சாடி ஒன்று நிறைய நெல் இருந்தது. கூடவே தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமணை (பானையை நிறுத்தி வைக்கும் வளையம்). நெல்லுக்கு கி.மு. 490 என்று தேதி வந்தது. ஒரே தேதியை வைத்து அந்த எழுத்தை இன்னும் பழையது என்று சொல்லிவிட முடியாது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. இன்னொரு ஈமக்குழி நெல்லுக்கு கி.மு. 450 வந்த பிறகு வாதம் கொஞ்சம் பலப்பட்டது, அவ்வளவுதான். மூடிக் கிடந்த ஈமக்குழி என்பதால் எலி வளைப் பிரச்சினையும் குடியிருப்பு மண்ணில் இருப்பதைவிடக் குறைவு. கீழடி மாதிரி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குழி தோண்டி வாழ்ந்த இடத்தில் நீங்கள் கேட்பது நியாயம். உறைகிணறு (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறு) ஒன்று கீழ் அடுக்குகளை எல்லாம் வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். அந்த வெட்டைக் குழியின் பக்கச்சுவரில் கோடாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும், அதற்காகத்தான் சுவரைக் கத்தி மாதிரிச் செதுக்கி வைக்கிறார்கள்.

மேலூரான்:

செல்வி அக்கா, அந்தப் பாசிமணிக் கதைக்கு நன்றி. மாங்குளம் போகிறவர்களுக்கு ஒன்று: எழுத்துத் தெரியவில்லை என்று சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தடவாதீர்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் தானே தெரியும். இல்லையென்றால் டார்ச் போதும்.