பத்தாண்டுச் சராசரி லாபத்தைக் கொண்டு ஒரு தனி நிறுவனத்தின் பங்கை மதிப்பிடலாமா?

தாமிரபரணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டாடா ஸ்டீல் பங்கை நீண்ட கால நோக்கில் வாங்கலாமா என்று ஆராய்ந்து வருகிறேன். பி.இ. விகிதத்தை (பங்கின் விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்த எண்) எடுத்துக்கொண்டால் எதையும் முடிவு செய்ய இயலவில்லை. 2021-22 நிதியாண்டில் அந்நிறுவனத்தின் ஒருங்கிணைந்த (துணை நிறுவனங்களையும் சேர்த்த) நிகர லாபம் சுமார் 41,700 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே அது சுமார் 8,100 கோடியாகச் சுருங்கியது. 2023-24-இல் சுமார் 4,900 கோடி ரூபாய் நட்டம். 2022 மார்ச் இறுதியில், பங்குப் பிரிப்புக்கு (ஒரு பங்கைப் பத்தாக ஆக்கியதற்கு) முந்தைய கணக்கில், விலை 1,300 ரூபாயை ஒட்டியும் இ.பி.எஸ். (ஒரு பங்குக்கான லாபம்) 330 ரூபாய்க்குச் சற்று மேலும் இருந்ததால் பி.இ. வெறும் நான்குதான். இரண்டு ஆண்டுகள் கழித்து, நட்டத்தின் காரணமாக, பி.இ. என்று ஒன்றே இல்லை. ஆனால் பங்கின் விலையோ அதற்குள் விழுந்துவிடவில்லை. சற்று ஏறியே இருந்தது. அப்படியானால் சந்தை ஓராண்டு லாபத்தைப் பார்த்து விலை வைக்கவில்லை என்பது தெளிவு.

இதற்கு மாற்றாக, கடந்த பத்து ஆண்டுகளின் இ.பி.எஸ்.-ஐ இன்றைய ரூபாய் மதிப்புக்கு உயர்த்திச் சராசரி கண்டு, அதனால் விலையை வகுக்கும், பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லரின் முறையைத் தனி நிறுவனத்துக்குப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம் என்றால் எந்த விலைக் குறியீட்டைக் கொண்டு உயர்த்துவது? எஃகு மொத்த விற்பனைச் சரக்கு என்பதால் மொத்த விலைக் குறியீட்டெண்தான் பொருந்தும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். கிடைக்கும் விகிதத்தை, அமெரிக்கச் சந்தையின் நீண்ட காலச் சராசரியாகச் சொல்லப்படும் 17-உடன் ஒப்பிட்டு மலிவு, விலை அதிகம் என்று சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை (பதில்)

சராசரி லாபத்தை வைத்து விலையை அளக்கும் வழக்கம் ஷில்லருக்கு வெகு காலம் முந்தியது. அதுவும் தனி நிறுவனங்களுக்காகவே தோன்றியது. 1934-இல் முதலீட்டு ஆய்வின் முன்னோடிகளான பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும், ஓராண்டு லாபத்தை நம்பாமல் குறைந்தது ஐந்து ஆண்டுகள், கூடுமானால் ஏழு அல்லது பத்து ஆண்டுகளின் சராசரியை எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1988-இல் ஜான் கேம்ப்பெல்லும் ராபர்ட் ஷில்லரும் அதனுடன் பணவீக்கத் திருத்தத்தைச் சேர்த்து, அமெரிக்கப் பங்குச் சந்தை முழுமைக்கும் பொருத்திப் பார்த்தார்கள். அதன் பயன் 2009-இல் நன்றாகத் தெரிந்தது. வங்கிகளின் வாராக்கடன் தள்ளுபடிகளால் அமெரிக்கப் பெரு நிறுவனங்களின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் ஓராண்டு லாபம் ஏறக்குறைய கரைந்துபோக, சாதாரண பி.இ. நூறைத் தாண்டிச் சந்தை மிக மிக விலை அதிகம் என்று காட்டியது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் பத்தாண்டு விகிதம் சுமார் 13. எது சரியான சேதி சொன்னது என்பதை அடுத்த பத்தாண்டுகள் காட்டிவிட்டன.

உங்கள் நண்பரின் யோசனையை நான் ஏற்க மாட்டேன். நாம் திருத்த முயல்வது ரூபாயின் வாங்கும் திறனை. எஃகின் விலையை அல்ல. மொத்த விலைக் குறியீட்டில் உலோகங்களுக்குக் கணிசமான இடம் உண்டு. எஃகு விலை உயர்ந்து லாபம் பெருகும் ஆண்டில் அந்தக் குறியீடும் சேர்ந்து ஏறும்; விழும்போது சேர்ந்து விழும். எந்தச் சுழற்சியைச் சமன் செய்யப் புறப்பட்டோமோ அதே சுழற்சி, அளவுகோலுக்குள்ளும் புகுந்துவிடும். முதலீட்டாளர் தம் லாபத்தைக் கொண்டு அரிசியும் மருந்தும் வாங்குகிறாரே தவிர இரும்புத் தகடு வாங்குவதில்லை. எனவே நுகர்வோர் விலைக் குறியீட்டெண்தான் சரி. ஊரகமும் நகரமும் சேர்ந்த வரிசை 2011 ஜனவரியிலிருந்துதான் கிடைக்கிறது. அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் தொழிலாளர்களுக்கான குறியீட்டை இணைத்துக்கொள்ள வேண்டும். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் 2014-15-இன் ஆண்டுச் சராசரி சுமார் 119, 2023-24-இன் சராசரி சுமார் 184. ஆகவே 2014-15-இல் ஒரு நிறுவனம் ஈட்டிய 10 ரூபாய் இ.பி.எஸ்., 2023-24-இன் ரூபாயில் ஏறத்தாழ 15 ரூபாய் 45 காசு. இந்தியாவில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் பழைய ஆண்டுகள் அளவுக்கு மீறிச் சிறுத்துவிடும்.

கணக்கிடும்போது பலரும் சறுக்கும் இடங்கள் வேறு உண்டு. டாடா ஸ்டீல் 2022 ஜூலையில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகளில் அச்சான இ.பி.எஸ். ஒவ்வொன்றையும் பத்தால் வகுக்காமல் இன்றைய விலையுடன் சேர்த்தால், பங்கு கொள்ளை மலிவாகத் தோன்றும். 2018-இல் சுமார் 12,800 கோடி ரூபாய்க்கு உரிமைப் பங்கு (ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்குத் தரும் புதிய பங்கு) வெளியிட்டார்கள். அதிலும் சந்தை விலைக்குக் கீழே கொடுத்த சலுகைக்கு உரிய திருத்தம் வேண்டும். தனித்த கணக்கையும் ஒருங்கிணைந்த கணக்கையும் கலக்கக் கூடாது. நட்ட ஆண்டுகளை விட்டுவிடுவதோ, பூஜ்யமாக எழுதுவதோ கூடாது. மைனஸ் குறியுடன் அப்படியே சராசரிக்குள் வர வேண்டும்.

பத்து ஆண்டு என்பது வேத வாக்கு அல்ல. ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு இறக்கமும் உள்ளே அடங்கினால் போதும். எஃகைப் பொறுத்தவரை, சீனாவிலிருந்து மலிவு எஃகு குவிந்து, 2016 பிப்ரவரியில் நம் அரசு குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதிக்க நேர்ந்த காலமும், 2021-22-இன் உச்சமும் இரண்டும் உள்ளே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கரை (பதில்)

கணக்குப்பிள்ளை ஐயா கணக்கிடும் முறையைக் குறையின்றி விளக்கிவிட்டார். ஆனால் சந்தை முழுமைக்கு இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்ற காரணமே, தனி நிறுவனத்துக்கு அது ஏன் அவ்வளவாக வேலை செய்யாது என்பதற்கும் காரணம். குறியீட்டில் தேய்ந்த நிறுவனம் வெளியேற்றப்பட்டு, வளரும் நிறுவனம் உள்ளே வருகிறது. அதனால் குறியீட்டின் லாபம், பொருளாதாரத்தின் போக்கை ஒட்டி, பழைய பாதைக்குத் திரும்பும் இயல்புடையது. தனி நிறுவனத்தின் லாபம் அப்படித் திரும்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கோடாக் நிறுவனத்தைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் பங்கு ஒன்றுக்கு நான்கு டாலருக்கு மேல் ஈட்டிய நிறுவனம் அது. 2003 இறுதியில் அதன் பங்கு விலை இருபத்தைந்து டாலரை ஒட்டி இருந்தபோது, முந்தைய பத்தாண்டுச் சராசரி லாபத்தின் பத்து மடங்குக்கும் கீழேதான் அது கிடைத்தது. முழுச் சந்தையோ அப்போது இருபத்தைந்து மடங்குக்கு மேல். சராசரியை மட்டும் பார்த்தவருக்கு அது பெரும் மலிவு. 2004 ஏப்ரலில் டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து அதை நீக்கினார்கள். 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. புகைப்படச் சுருள் விற்ற காலத்து லாபங்கள் சராசரிக்குள் இருந்தன, ஆனால் சுருள் வாங்குவோர் இல்லை.

17 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த எண்ணை இங்கே கொண்டுவருவதில் ஒரு கணக்குச் சிக்கல் உள்ளது. மூன்று நிறுவனங்களை எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கும் இன்றைய பி.இ. 20. பணவீக்கம் போக ஆண்டுக்கு 2 சதவீதம் சீராக வளர்ந்த நிறுவனத்துக்குப் பத்தாண்டு விகிதம் சுமார் 22 வரும். 7 சதவீதம் வளர்ந்ததற்குச் சுமார் 27. ரூபாய்க் கணக்கில் 20 சதவீதம், அதாவது 5 சதவீதப் பணவீக்கம் போக 14 சதவீதத்துக்குச் சற்று மேல் வளர்ந்ததற்குச் சுமார் 34. விலை ஒன்றே, லாபம் ஒன்றே. வேகமாக வளர்ந்த குற்றத்துக்காக மூன்றாவது நிறுவனம் விலை அதிகம் என்று முத்திரை குத்தப்படுகிறது. மெதுவாக வளரும் முதிர்ந்த சந்தையில் பிறந்த 17-ஐ, நம்மூர்த் தனியார் வங்கிக்கோ நுகர்பொருள் நிறுவனத்துக்கோ பொருத்தினால் நல்ல நிறுவனம் ஒன்றையும் வாங்க முடியாது. ஒரு நிறுவனத்தின் விகிதத்தை அதன் சொந்தப் பழைய விகிதங்களோடு ஒப்பிடலாம். அதே தொழிலில் உள்ள இன்னொன்றுடன் ஒப்பிடலாம். அதற்கு மேல் அந்த எண்ணை இழுக்கக் கூடாது.

பழைய விகிதங்களோடு ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. தேசியப் பங்குச் சந்தை 2021 ஏப்ரல் முதல் நிஃப்டி குறியீட்டின் பி.இ.-ஐத் தனித்த லாபத்துக்குப் பதிலாக ஒருங்கிணைந்த லாபத்தின் அடிப்படையில் வெளியிடத் தொடங்கியபோது, 40-ஐ ஒட்டி இருந்த எண் ஒரே நாளில் 33-ஐ ஒட்டி இறங்கியது. சந்தையில் எதுவும் மலிவாகிவிடவில்லை.

உலைக்களம் (பதில்)

இருவர் சொன்னதையும் ஏற்றுக்கொண்டு, டாடா ஸ்டீலுக்கே உரிய சிக்கலைச் சொல்கிறேன். கேள்வியில் உள்ள நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்த அதே நிறுவனம் அல்ல. 2007-இல் கோரஸ் என்ற ஐரோப்பிய எஃகு நிறுவனத்தை வாங்கியதன் மூலம் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பெரும் ஆலைகள் வந்தன. அவற்றில் வேல்ஸின் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலை (இரும்புத் தாதுவை உருக்கும் உலை) 2024 செப்டம்பர் இறுதியில் அணைக்கப்பட்டுவிட்டது. இந்தப் பக்கம், திவால் சட்டத்தின் கீழ் 2018-இல் பூஷண் ஸ்டீலை வாங்கி, கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 35,200 கோடி ரூபாய் செலுத்தினார்கள். ஒடிசாவின் கலிங்கநகர் ஆலையும் விரிந்தது. ஆகவே பழைய ஆண்டுகளின் இ.பி.எஸ்.-ஐப் பணவீக்கத்துக்குத் திருத்தினாலும், இன்று இல்லாத ஊதுலைகளின் லாப நட்டம் சராசரிக்குள் வருகிறது. இன்று உள்ள ஆலைகளின் லாபம் முதல் சில ஆண்டுகளில் இல்லவே இல்லை.

இத்தகைய நிறுவனத்துக்கு நான் ரூபாயைச் சராசரி காண்பதில்லை, விகிதத்தைச் சராசரி காண்கிறேன். பங்குதாரர் மூலதனத்தின் மீது ஒவ்வோர் ஆண்டும் எத்தனை சதவீதம் ஈட்டியது என்பதைப் பத்தாண்டுகளுக்கு எழுதி, அந்தச் சராசரிச் சதவீதத்தை இன்றைய புத்தக மதிப்பால் (கணக்கேட்டின்படி பங்குதாரர்களுக்கு உரிய மூலதனம்) பெருக்கினால், இன்றைய அளவில் இயல்பான ஓர் ஆண்டில் எவ்வளவு ஈட்டும் என்ற மதிப்பீடு கிடைக்கும். புத்தக மதிப்பு பங்குக்கு 80 ரூபாய், பத்தாண்டுச் சராசரி ஈட்டம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இயல்பான இ.பி.எஸ். 8 ரூபாய். நிறுவனம் வளர்ந்ததும், புதிய பங்குகள் வெளியிட்டுப் பணம் திரட்டியதும் புத்தக மதிப்பிலேயே அடங்கிவிடுவதால், எதிர்க்கரை சொன்ன வளர்ச்சிச் சிக்கலும் பெருமளவு தீர்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. ஜாம்ஷெட்பூர் ஆலையின் பழைய பகுதிகள் பழைய விலையிலேயே, அதுவும் தேய்மானம் போக, ஏட்டில் நிற்கின்றன. வருமானமோ இன்றைய ரூபாயில் வருகிறது. அதனால் பழைய ஆலை உள்ள நிறுவனத்தின் ஈட்டச் சதவீதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். புதிய ஆலை கட்டுவோருக்கு அதே சதவீதம் கிடைக்காது என்பதை நினைவில் வைத்து, நான் சராசரியிலிருந்து சற்றுக் குறைத்தே எடுப்பேன்.

தாமிரபரணி

மூவருக்கும் நன்றி. மொத்த விலைக் குறியீட்டைக் கைவிட்டேன்; இரண்டு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்க்கிறேன். ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. 2023-24-இன் நட்டத்தில் பெரும் பகுதி பிரிட்டன் ஆலையின் மதிப்புக் குறைப்பாலும் மறுசீரமைப்பு ஒதுக்கீட்டாலும் வந்தது என்கிறார்கள். 'ஒருமுறைச் செலவு' என்று அதை நீக்கிவிட்டுச் சராசரி காண்பது முறையா?

கணக்குப்பிள்ளை (பதில்)

இதே வாதம் ஷில்லரின் விகிதத்தைப் பற்றியும் நடந்தது. அமெரிக்கக் கணக்கியல் விதிகள் மாறிய பிறகு நிறுவனங்கள் சொத்து மதிப்பைக் கூடுதலாகக் குறைத்து எழுத வேண்டியதாயிற்று, 2002-இல் ஏ.ஓ.எல். டைம் வார்னர் ஒன்றே கிட்டத்தட்ட 9,900 கோடி டாலர் நட்டம் காட்டியது. இத்தகைய தள்ளுபடிகள் சராசரியைத் தாழ்த்தி, சந்தையை உண்மையைவிட விலை அதிகமாகக் காட்டுகின்றன என்று அமெரிக்க நிதியியல் பேராசிரியர் ஜெரமி சீகல் வாதிட்டார். சந்தை முழுமைக்கு அந்த வாதத்தில் நியாயம் உண்டு.

தனி நிறுவனத்தில் நான் நீக்க மாட்டேன். பிரிட்டன் ஆலைக்காக எழுதப்பட்ட தள்ளுபடி, 2007-இல் உண்மையாகவே கையை விட்டுப் போன பணத்தின் தாமதமான கணக்கு. வாங்கிய ஆலை லாபம் தந்த ஆண்டுகளை எல்லாம் சராசரிக்குள் வைத்துக்கொண்டு, அதற்குக் கொடுத்த விலை கணக்கில் வரும் ஆண்டில் மட்டும் 'இது ஒருமுறைதான்' என்று விலக்கினால், அந்த நிறுவனம் இலவசமாக ஆலை வாங்கியது போல ஆகிவிடும். செலவை நீக்குகிறவர் ஆதாயத்தையும் நீக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 2017-18-இன் பெரிய லாபத்தில், பிரிட்டன் ஓய்வூதியத் திட்டச் சீரமைப்பால் ஏட்டில் வந்த ஒருமுறை ஆதாயம் பெரும் பங்கு வகித்தது. அதை யாரும் நீக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

உலைக்களம் சொன்ன முறையில் செல்வதானால் இன்னொன்றைக் கவனியுங்கள். தள்ளுபடி செய்த பிறகு புத்தக மதிப்பும் குறைந்திருக்கும். அந்த ஆண்டின் நட்டத்தை நீக்கிவிட்டு, குறைந்துபோன மூலதனத்தால் மட்டும் அடுத்த ஆண்டு லாபத்தை வகுத்தால், ஈட்டச் சதவீதம் இரண்டு பக்கமும் ஏற்றிக் காட்டப்படும். நீக்கியே தீர வேண்டும் என்றால், தள்ளுபடி செய்த தொகையை மூலதனத்தில் திரும்பக் கூட்டிக்கொண்டு சராசரியைக் கணக்கிடுங்கள்.