கூடங்குளம் பக்கம் மின்சாரம் பத்தி மக்கள்கிட்ட சர்வே எடுக்கணும், எப்படி கேக்கலாம்?

தாமிரபரணி_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி ஜியாகிரபி கடைசி வருஷம், ப்ராஜெக்டுக்கு ராதாபுரம் தாலுகாவ எடுத்திருக்கேன். ஒரே தாலுகாவுல அணுமின் நிலையமும் இருக்கு, கரண்ட் எடுக்குற காத்தாடியும் எக்கச்சக்கமா இருக்கு, ரெண்டையும் தினமும் பாக்குற ஜனங்க அதப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். கேள்வித்தாள்ல மேல பேர், ஊர், வயசு, போன் நம்பர், அப்புறம் முதல் கேள்வி "அணுமின் நிலையம் ஆபத்தானதுன்னு நினைக்கிறீங்களா? ஆமா/இல்ல". நூறு பேர் போதும்னு கைடு சொல்லிட்டார். வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல நின்னா ஒரே நாள்ல முடிஞ்சிரும்னு ஃப்ரெண்ட் சொல்றா. இது சரியா வருமா?

மேப்_பைத்தியம்:
பஸ் ஸ்டாண்டு வேண்டாம்மா. அங்க நிக்கிறவங்க எந்த ஊர்க்காரங்கன்னே தெரியாது, அதுவும் காலேஜ் பசங்களும் ஆபீஸ் போறவங்களும்தான் நின்னு பதில் சொல்லுவாங்க. கடக்கரையில இருந்து உள்ள நோக்கி ஒரு கோடு போடு: இடிந்தகரை, கூடங்குளம், ராதாபுரம், வள்ளியூர், பணகுடி. ஊருக்கு இத்தன வீடுன்னு முடிவு பண்ணி, தெருவுல அஞ்சாவது வீடு பத்தாவது வீடுன்னு ஒரே இடைவெளில கேட்டுக்கிட்டே போ, நமக்குப் புடிச்ச முகமா பாத்து கேக்குற பழக்கம் அப்பதான் வராது. ஆனா தூரத்த மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணிராத. செட்டிகுளத்துல அணுவிஜய் டவுன்ஷிப் இருக்கு, நிலையத்துல வேல பாக்குறவங்க குடும்பத்தோட இருக்காங்க, அவங்களும் பக்கத்து மீனவரும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், ஆனா சோறு வர்ற வழி வேற. அதனால தொழில் என்னன்னு கட்டாயம் கேளு, டவுன்ஷிப்ப தனி குரூப்பா வை.

முதல் கேள்விய தூக்கிரு. "ஆபத்து"ங்குற வார்த்தைய நீயே வாயில எடுத்துக் குடுத்தா அதத்தான் திருப்பிச் சொல்லுவாங்க. "உங்க ஊர்ப் பக்கம் கரண்ட் எதுல இருந்து தயாராகுது, அதப் பத்தி என்ன நினைக்கிறீங்க"ன்னு மொதல்ல பேச விடு, சொன்னத சொன்ன மாதிரியே எழுதிக்க. அதுக்கப்புறம் முழுசா ஒத்துக்கிறேன்ல இருந்து கொஞ்சமும் ஒத்துக்கலன்னு அஞ்சு படி வச்சு கேளு.

கடலோரத்தான்:
நான் அந்தப் பக்கம் கடக்கரை ஊருதான், அதனால உரிமையா ஒண்ணு சொல்லுதேன் தங்கச்சி. பேரும் போன் நம்பரும் கேக்காதீங்க. 2011ல ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால பந்தல் போட்டு அணு உலை வேண்டாம்னு ஜனங்க உக்காந்தாங்க, ஆயிரக்கணக்கான பேர் மேல கேஸ் விழுந்துச்சு, தேசத்துரோக வழக்குகூட போட்டாங்க. பேப்பரும் பேனாவுமா ஒரு புது ஆள் வந்து "உங்க பேர் என்ன அணு உலை பத்தி என்ன நினைக்கிறீங்க"ன்னு கேட்டா எந்த அம்மாவாவது வாயத் தொறக்குமா? அப்படியே தொறந்தாலும் "நல்லாத்தான் இருக்கு"ன்னு அனுப்பி வச்சிருவாங்க, அத நீங்க ஆதரவுன்னு எழுதிருவீங்க. காலேஜ் கடுதாசி கையில வச்சுக்கோங்க, மொதல்ல ஊர்க் கமிட்டிகிட்டயும் பங்குச்சாமிகிட்டயும் சொல்லிட்டு ஆரம்பிங்க.

வெடிக்குமா வெடிக்காதாங்குறது மட்டுமே எங்க கவலைன்னு வெளிய இருந்து வாரவங்க நினைச்சுக்கிடுதாங்க. நிலையத்துல சூடான தண்ணி கடல்ல விடுதாங்களே, மீனு என்ன ஆகும்னுதான் வலைக்காரங்க கேப்பாங்க. 1000 மெகாவாட் உலை ரெண்டு ஓடுது, இன்னும் நாலு கட்டுதாங்க, மொத்தம் ஆறு ஆனா தண்ணி எவ்வளவு வரும்? இதுக்கு உங்க பேப்பர்ல இடம் இருக்கணும். பொம்பளைங்ககிட்ட தனியா கேளுங்க, பந்தல்ல நாள் கணக்கா உக்காந்தது அவங்கதான். ஆம்பளைங்க பக்கத்துல நின்னா பதில் அவங்க வாயில இருந்துதான் வரும்.

பூகோளவாத்தியார்:
நல்ல தலைப்பு எடுத்திருக்கம்மா. இன்னொரு விஷயமும் பாரு, ஒரு மின்சாரம் நாட்டுக்கு வேணுமாங்குறதும் அது நம்ம ஊர்ல வரணுமாங்குறதும் ரெண்டு வேற கேள்வி. ரெண்டையும் தனித்தனியா கேட்டு, அணு, காத்தாடி, சோலார், அனல்னு நாலுக்கும் ஒரே மாதிரி வை. காத்தாடிய எல்லாரும் நல்லதுன்னுதான் சொல்லுவாங்கன்னு நினைச்சிக்கிட்டு போகாத, நிலத்த வித்தவங்களுக்கும் இறக்கை சத்தத்துல படுக்குறவங்களுக்கும் கருத்து ஒண்ணா இருக்காது. அப்புறம் 2012ல தமிழ்நாட்டுல மணிக்கணக்கா கரண்ட் போச்சே, அந்த வருஷம் சிம்னி வெளக்குல படிச்சவங்களுக்கும் அதுக்கப்புறம் வளந்த பசங்களுக்கும் அணுமின்சாரம் ஒரே மாதிரி தெரியாது, அதனால வயசு முக்கியம்.

கணக்குக்கு கை-ஸ்கொயர் (ஊருக்கும் கருத்துக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்குற சோதனை) போடுறதா இருந்தா அட்டவணைல ஒவ்வொரு கட்டத்துலயும் எதிர்பார்ப்பு எண் (தொடர்பே இல்லன்னா அந்தக் கட்டத்துல வர வேண்டிய ஆள் கணக்கு) அஞ்சுக்குக் கீழ போகாம பாத்துக்க. நூறு பேர அஞ்சு ஊருக்கும் அஞ்சு படிக்கும் பிரிச்சா இருபத்தஞ்சு கட்டம், சராசரி நாலுதான் வருது. அதனால படிய ஆதரவு, நடுவு, எதிர்ப்புன்னு மூணா சேத்துக்க, இல்லன்னா ஆள் எண்ணிக்கைய ஏத்து. மொத்தமா இறங்குறதுக்கு முன்னால ஒரு தெருவுல மட்டும் கேட்டுப் பாத்து எந்தக் கேள்விக்கு முழிக்கிறாங்கன்னு பாரு.

தாமிரபரணி_பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பேர், போன் ரெண்டையும் எடுத்துட்டேன், சுடுதண்ணி கேள்வி சேத்துட்டேன், ஊருக்கு முப்பது வீடுன்னு ஆக்கிட்டேன், கைடுகிட்ட பேசிக்கிறேன். கடலோரத்தான் அண்ணா, மீனவங்கள எப்ப பாத்தா நிதானமா பேசுவாங்க?

கடலோரத்தான்:
ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க. காலையில பூசை முடியட்டும், பத்து மணிக்கு மேல வாங்க. மத்த நாள்னா கரைக்கு வந்து மீனு ஏலம் முடிஞ்சு வலை பாக்கும்போது பக்கத்துல உக்காந்து பேசுங்க, ஏலம் நடக்கும்போது மட்டும் போய் நிக்காதீங்க.