ஊர்ப்புறத்திலிருந்து வரும் வியாபாரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம். வேலூரில் நகரப் பொருளாதார மேம்பாட்டு ஆலோசகராக இருக்கிறேன். மார்க்கெட் ஓரம் காய், கீரை விற்கும் சில பெண்களுக்கு பி.எம். ஸ்வநிதி (தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டம்) கடன் வாங்கித் தரும் வேலையில் முட்டி நிற்கிறேன்.

இவர்கள் அணைக்கட்டுப் பக்கம் கிராமத்துக்காரர்கள். விடியற்காலை முதல் பஸ்ஸில் முள்ளுக் கத்தரிக்காய் மூட்டையோடு வந்து, ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். முதலுக்கு நாள் வட்டிதான்: காலையில் 900 ரூபாய் கையில், சாயங்காலம் 1000 திருப்ப வேண்டும். ஸ்வநிதியில் முதல் தவணை 15,000 வந்தால் இந்தக் கொள்ளையிலிருந்து தப்பிக்கலாம்.

சிக்கல் இதுதான். மாநகராட்சியின் தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் இவர்கள் பெயர் இல்லை, ஆதாரில் ஊராட்சி முகவரி. வெளியூர் என்று சொல்லி மாநகராட்சியில் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுகிறார்கள். ஆனால் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து நகர எல்லைக்குள் வந்து விற்பவர்களும் மாநகராட்சியோ நகர விற்பனைக் குழுவோ (தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் குழு) தரும் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம் என்று திட்ட விதியிலேயே இருக்கிறது!

விதியின் நகலை இணைத்துக் கொடுத்தோம். வியாபாரிகள் சங்கத்தின் கடிதமும் வைத்தோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு போட்டோம், அது சுற்றி மறுபடியும் அதே மேசைக்கே வந்துவிட்டது. வங்கியில் கேட்டால், கடிதம் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். இங்கேதான் விற்கிறார்கள் என்று காட்ட, மார்க்கெட்டில் கடைக்கு வசூலிக்கும் சுங்கத்தின் ரசீதும் இல்லை. வசூலிப்பவர் பணம் வாங்குகிறார், சீட்டு தருவதில்லை.

ரசீது இல்லாத வெளியூர் வியாபாரிக்கு, எந்த ஆவணத்தை வைத்து நகர விற்பனைக் குழுவிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினீர்கள்?