ஸ்டேஷனரி: பெயர்ப்பலகையில் 'ஏ' வருமா, 'ஈ' வருமா?

கேள்வி:
வணக்கம். என் தம்பி பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டு, பேனா விற்கும் கடை திறக்கவிருக்கிறான். பெயர்ப்பலகைக்கு வந்த மாதிரியில் 'ஸ்டேஷனரி' என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைசிப் பகுதியில், 'ஆர்' எழுத்துக்கு முன்னால் 'ஏ' இருக்கிறது. எங்கள் கடைவீதியில் சில பலகைகளில் 'ஏ'யும் சிலவற்றில் 'ஈ'யும் காண்கிறேன். உச்சரிப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. அகராதியிலோ இரண்டும் இருக்கின்றன. எது சரி?

மறுமொழி 1:
கடைக்கு 'ஈ'தான். 'ஏ' இட்டு எழுதுவது, இடம்பெயராமல் நிற்பதைக் குறிக்கும் பெயரடை. சிக்னலில் நிற்கும் பேருந்தையும், ஜிம்மில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளையும் அப்படிச் சொல்வார்கள். 'ஈ' இட்டது தாள், பேனா முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும் பெயர்ச்சொல். 'என்வலப்' என்பது 'ஈ'யில் தொடங்குவதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

மறுமொழி 2:
இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவைதாமே? ஓர் எழுத்துக்கு ஏன் இத்தனை கண்டிப்பு?

மறுமொழி 3:
வேர் ஒன்றுதான் ஐயா. ஆனால் வந்த வழி வேறு. இடைக்கால ஐரோப்பாவில், ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்களைப் போலன்றி, ஒரே இடத்தில், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்றார்கள். லண்டனில் 1403-இல் தோன்றிய அவர்களுடைய சங்கம், 1557-இல் அரச சாசனம் பெற்று, இங்கிலாந்தின் அச்சுத்தொழிலையே நெடுங்காலம் தன் பிடியில் வைத்திருந்தது. பிற்காலத்தில் புத்தகம் விற்பவருக்கு வேறு பெயர் நிலைத்துவிடவே, தாளும் மையும் விற்பவர் மட்டும் ஸ்டேஷனர் ஆனார். பேக்கருடைய கடை பேக்கரி ஆனதைப் போல, ஸ்டேஷனர் விற்கும் சரக்கு ஸ்டேஷனரி ஆயிற்று. அந்த 'ஈ' ஆளின் பெயரிலேயே இருப்பது. என்வலப் குறிப்பைவிட இதுவே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் ஆங்கிலப் பெயரிலும் 'ஈ'தான். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில், பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோளின் ஆங்கிலப் பெயரில் 'ஏ' வரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பலகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இன்றே மாற்றச் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1:
பில் புத்தகத்துக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் அதே மாதிரியைக் கொடுத்திருக்கக்கூடும், அவற்றையும் பார்த்துவிடுங்கள்.